முப்பது குரலா, ஒரு குரலா: ஆங்கிலம் சொல்லித்தர வகுப்பறை நல்லதா, ஆன்லைன் நல்லதா?

ஆங்கிலம் சொல்லித்தரலாம் என்று இருக்கிறேன், வகுப்பறைக்குப் போகவா, ஆன்லைனில் எடுக்கவா என்று கேட்பவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், பாதிப் பேருக்கு அலைச்சல் எதில் குறைவு, பணம் எதில் அதிகம் என்பதுதான் கேள்வி. தப்பில்லை, அதற்கும் வருகிறேன். ஆனால் இரண்டிலும் பல வருடம் குப்பை கொட்டியவகையில் எனக்கு முதலில் பார்க்கத் தோன்றுவது காதைத்தான். மொழி வகுப்பில் டீச்சருடைய முக்கால்வாசி வேலை கேட்பது. மாணவர் எங்கே தடுமாறுகிறார், எந்தச் சொல்லை முழுங்குகிறார், எதைத் தெரியாமல் தப்பாகவே பழகி வைத்திருக்கிறார் என்பது உங்கள் காதில் விழுந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். வகுப்பறையும் திரையும் இந்த ஒரு விஷயத்தில்தான் அடியோடு வேறாக இருக்கின்றன; மற்ற வித்தியாசங்கள் பெரும்பாலும் இதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருபவை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 30 பேர் இருக்கும் வகுப்பு, 45 நிமிடம். டீச்சர் அதில் பாதி நேரம் பேசினால் (பெரும்பாலும் அதற்கு மேலேயே பேசுகிறோம், ஒப்புக்கொள்ள மனசு வராது) மிச்சம் இருப்பதை 30 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 45 விநாடி. 45 விநாடியில் யாருக்கும் எந்த மொழியும் வராது. அதனால்தான் ஜோடி ஜோடியாகப் பேச விடுகிறோம். 15 ஜோடி, 10 நிமிடம் என்றால் ஒவ்வொருவருக்கும் 5 நிமிடம் கிடைக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சந்தைக்கடை இரைச்சல். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஆனால் அந்த இரைச்சலுக்கு நடுவே பெஞ்சுகளுக்கிடையில் மெதுவாக நடந்து போகும்போது நடப்பது வேறு: ஜன்னல் பக்கம் ஒருவன் "ஷி டோன்ட் லைக்" என்கிறான், நான்கடி தள்ளி இன்னொருத்தியும் அதையே சொல்கிறாள், கடைசி பெஞ்சிலும் அதே. மூன்றாவது தடவை கேட்கும்போதே நாளைக்குக் கரும்பலகையில் என்ன எழுதப்போகிறேன் என்பது முடிவாகிவிடும். யாரையும் நிறுத்தவில்லை, யாரையும் கேள்வி கேட்கவில்லை, போகிறபோக்கில் காதில் விழுந்ததுதான். பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நான் கேட்டேன் என்பதே தெரியாது, அதனால் பயமில்லாமல் தப்பாகப் பேசியிருப்பார்கள். எனக்கு வேண்டியதும் அந்தத் தப்புதான்.

இதே காரியத்தை ஆன்லைனில் செய்ய பிரேக்அவுட் ரூம், அதாவது ஒரே வகுப்பைச் சின்னச் சின்னத் தனி அறைகளாகப் பிரிக்கும் வசதி, இருக்கிறது. ஜூமில் வேண்டிய அளவுக்கு அறை பிரிக்கலாம், எண்ணிக்கைக்குக் குறையில்லை. ஆனால் நீங்கள் ஒரு நேரத்தில் ஒரு அறையில்தான் இருக்க முடியும். மற்ற 14 அறையிலும் என்ன நடக்கிறது என்று தெரியாது. பத்து நிமிடத்தில் 15 அறைக்கும் போய்வந்தால் அறைக்கு 40 விநாடி, அதிலும் உள்ளே நுழைந்து படமும் ஒலியும் வரச் சில விநாடி போய்விடும். நுழைந்ததும் என்ன ஆகும்? பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் நிறுத்திவிட்டு, சோதனைக்கு வந்த அதிகாரியைப் பார்ப்பதுபோல் உங்களைப் பார்ப்பார்கள். "நீங்கள் பேசுங்கள், நான் சும்மா கேட்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், யாராவது பேசுகிறார்களா என்று. நீங்கள் கிளம்பியதும் தாய்மொழிக்குத் திரும்பிவிடுவார்கள். வகுப்பறையிலும் திரும்புவார்கள், ஆனால் அங்கே அது காதில் விழும், ஒரு பார்வை பார்த்தால் போதும்.

இதை மென்பொருள் சரியில்லை என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. அறையில் ஒரே சமயத்தில் பத்துப் பேர் பேசினாலும் நம் காது வேண்டியதைப் பொறுக்கி எடுக்கும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வைத்தே பிரித்துவிடும். திரையில் எல்லாக் குரலும் ஒரே ஸ்பீக்கர் வழியாக, ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இரண்டு பேர் சேர்ந்து பேசினாலே இருவர் பேச்சும் புரியாது. போதாததற்குத் தாமதம் வேறு. 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு நடுவே சராசரியாக விழும் இடைவெளி 200 மில்லிவிநாடி அளவுதான். அதாவது எதிராளி முடிக்கும் முன்பே நாம் தயாராகிவிடுகிறோம். இணையத்தில் குரல் போய்ச் சேரவே அதற்கு இணையான நேரம் பிடித்தால் என்ன ஆகும்? இருவரும் சேர்ந்து தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், "நீங்க சொல்லுங்க" "இல்ல, நீங்க சொல்லுங்க". எட்டுப் பேர் கலந்துரையாடல் என்று ஆரம்பிப்பது ஐந்தே நிமிடத்தில் வருகைப்பதிவு எடுப்பதுபோல் ஆகிவிடும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவர் பேசுவார், முடிப்பார், அடுத்தவர். குறுக்கே நுழைவது, பேச்சைப் பிடித்துக்கொள்வது, "ஒரு நிமிஷம், நான் என்ன சொல்றேன்னா" என்று ஆங்கிலத்தில் சொல்லி இடம் பிடிப்பது எல்லாம் பேச்சுத்திறனில் சேர்த்தி. அதைத் திரையில் கற்றுத்தர எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

சரி, இதைப் படித்துவிட்டு வகுப்பறைதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாணவர் ஒரே ஒருவர் என்றால் மேலே சொன்னது முழுக்கத் தலைகீழாகிவிடும்.

தமிழில் நான் 'வெட்' என்று எழுதினால் அது நனைந்ததா, கால்நடை மருத்துவரா என்று உங்களால் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நம்மிடம் இருப்பது ஒரே 'வ'. ஆங்கிலத்தில் மருத்துவரின் V-க்கு மேல்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும், நனைந்ததன் W-க்கு உதடு குவிய வேண்டும், பல் பக்கமே போகக்கூடாது. வகுப்பறையில் இதை நான் காட்டினால் முதல் இரண்டு வரிசைக்குத் தெரியும். பின்னால் இருப்பவர்கள் என் முகபாவத்தை ரசிப்பார்கள். திரையில் என் வாய் அவர் கண்ணுக்கு முன்னால் ஓர் அடி தூரத்தில் இருக்கிறது. நேரில் யாரிடமும் அவ்வளவு பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் வாயைப் பார் என்று சொல்ல முடியாது, சொன்னால் அடுத்த நாள் வரமாட்டார். இன்னொரு வசதி, அவர் வாய் அவருக்கே தெரிகிறது. எல்லோரும் வெறுக்கும் அந்தத் தன்முகப் பெட்டி உச்சரிப்புப் பயிற்சியில் கைக்கண்ணாடி. "உங்கள் பெட்டியைப் பாருங்கள், பல் தொடுகிறதா?" என்று கேட்டால் அவரே சரிசெய்துகொள்வார். வாரக்கணக்கில் வராத ஒலி பத்து நிமிடத்தில் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒலி விஷயத்தில் திரை ஏமாற்றவும் செய்யும். எனக்கு ஒரு மாணவர் இருந்தார், வேலைக்குப் போகிறவர், பன்மை விகுதி அவர் வாயிலேயே வராது. "டூ புக்", "த்ரீ மீட்டிங்". இரண்டு மாதம் திருத்தினேன். அவரும் பொறுமையாகத் திரும்பச் சொல்வார், மறுபடியும் "டூ புக்". ஒரு நாள் அவருடைய இயர்போன் சார்ஜ் தீர்ந்துபோய் லேப்டாப் மைக்கில் பேசினார். "டூ புக்ஸ்". அன்றைக்குத்தான் உறைத்தது, அவர் எப்போதுமே 'ஸ்' சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பல ப்ளூடூத் இயர்போன்களில் மைக் ஓடத் தொடங்கியதும் இணைப்பு ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்கு மாறி, ஒலியின் தரம் பழைய தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். பழைய தொலைபேசி கடத்தியது ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. 'ஸ்' ஒலியின் பலமெல்லாம் பெரும்பாலும் அதற்கு மேலே. ஃபோனில் இனிஷியல் சொல்லும்போது எஸ்ஸா எஃப்பா என்று இரண்டு தடவை கேட்கிறோமே, அதே கதை. அதோடு பின்னணி இரைச்சலை அடக்கும் வசதியும் சேர்ந்துகொண்டால் 'ஸ்' ஒலியை ஃபேன் சத்தம் என்று நினைத்துக் கொஞ்சம் சுரண்டிவிடும். அதற்குப் பிறகு என் மாணவர்கள் எல்லோரிடமும் முதல் வகுப்பிலேயே வயர் உள்ள ஹெட்செட் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், உச்சரிப்பு வகுப்பன்று ஜூமில் இசைக்காரர்களுக்காக வைத்திருக்கும் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பை அவர்கள் பக்கம் போடச் சொல்கிறேன். அந்த மாணவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார், ஆனால் இரண்டு மாதக் கட்டணத்தில் ஒரு பகுதி என் காதுக் கோளாறுக்குப் போனது என்று அவருக்கும் தெரியும்.

எழுத்து என்று வந்தால் நான் யோசிக்காமல் ஆன்லைன் பக்கம். கட்டுரை நோட்டு 30 வந்து மேஜையில் குவிந்தால் சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்போம், அவர்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடுவார்கள். நமக்குத் தெரிவது முடிந்துபோன கட்டுரை. அது எப்படி எழுதப்பட்டது என்பது தெரியாது. கூகுள் டாக்ஸில் இருவரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் அவர் எழுத எழுத நான் பார்க்கிறேன். கர்சர் எங்கே நிற்கிறது என்பதே பாதிப் பாடம். "ஐ ஹேவ் வென்ட்" என்று அடிக்கிறார், நிற்கிறார், அழிக்கிறார், "ஐ வென்ட்" என்று மாற்றுகிறார், மறுபடி பழையதற்கே போகிறார். அவருக்கு விதி தெரியும், எப்போது எது என்ற உறுதி மட்டும் இல்லை என்று புரிந்துவிடும். நோட்டில் வந்திருந்தால் கடைசி வடிவத்தைப் பார்த்து, இவருக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று ஆரம்பத்திலிருந்து நடத்தியிருப்பேன். அப்புறம் சாட் பெட்டி. அவர் பேசும்போது நிறுத்தாமல், தப்பைச் சத்தமில்லாமல் அதில் தட்டிவைத்துவிட்டால் பேச்சும் கெடாது, வகுப்பு முடிந்ததும் ஒரு பட்டியல் கையில் இருக்கும். வகுப்பறையில் இதற்கு ஈடாக ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு கிறுக்கலாம், நான் கிறுக்கியதை நானே படிக்க முடியாது என்பது தனிக் கதை.

மௌனம் என்று ஒன்று இருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்துச் சொன்னது ஆசிரியர் பயிற்சியில் எல்லோரும் கேள்விப்படுவது: கேள்வி கேட்டுவிட்டு நாம் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறோம், அதை 3 விநாடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் திறக்கிறார்கள். வகுப்பறையில் இதைச் செய்துவிடலாம், ஏனென்றால் மௌனத்தைப் படிக்க முடியும்: ஒருவர் கூரையைப் பார்த்து யோசிக்கிறார், ஒருவர் உதடு அசைகிறது, ஒருவர் நம் கண்ணைத் தவிர்க்கிறார். திரையில் 3 விநாடி மௌனம் என்றால் யோசிக்கிறாரா, மியூட்டில் இருக்கிறாரா, படம் உறைந்துவிட்டதா, எழுந்தே போய்விட்டாரா? தெரியாமல் "கேட்குதா?" என்று நாமே அந்த மௌனத்தை உடைத்துவிடுவோம், யோசித்துக்கொண்டிருந்தவரின் வாக்கியமும் அதோடு உடையும். கேமராவை அணைத்த 20 கறுப்புப் பெட்டிகளைப் பார்த்துப் பாடம் நடத்தியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் பாதிக்கப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. அந்தக் காலத்தில் ஆன்லைனில் தள்ளிவிடப்பட்ட டீச்சர்கள் பலரும் ஆன்லைன் என்றாலே வெறுப்பதற்குக் காரணம் அந்தக் கறுப்புப் பெட்டிகள்தான். அதை வைத்து ஆன்லைனையே எடைபோடுவது நியாயமில்லை. 40 பேருக்கான வகுப்பை அப்படியே திரையில் தூக்கி வைத்தால் அது வகுப்பும் ஆகாது, ஆன்லைன் பாடமும் ஆகாது.

சின்னப் பிள்ளைகளா? வகுப்பறை. ஆறு வயதுக் குழந்தைக்கு ஆங்கிலம் என்பது எழுந்து நில், ஓடு, சிவப்பைத் தொடு, பந்தை அவளிடம் கொடு. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் உருவாக்கிய முறை ஒன்று, சொன்னதை உடம்பால் செய்ய வைப்பது, குழந்தைகளிடம் அவ்வளவு நன்றாக வேலை செய்யும். திரையிலும் குதிக்கச் சொல்லலாம், சொல்லியிருக்கிறேன், குழந்தை குதித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டது. பிறகு அம்மா தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைத்து, காதில் பதிலைச் சொல்லிக்கொடுக்க, அது அதைத் திருப்பிச் சொல்ல, நான் யாருக்குப் பாடம் எடுத்தேன் என்றே தெரியவில்லை. 25 நிமிடம் குழந்தையைத் திரையில் பிடித்துவைக்கிற திறமைசாலிகள் இருக்கிறார்கள், கைப்பொம்மை, தொப்பி, பாட்டு என்று. அது தனி வித்தை, எனக்கு வராது.

கூச்சப்படும் பெரியவர்கள் நேர்மாறு. வேலையில் மேலே இருப்பவர், வீட்டில் மதிப்புள்ளவர், வகுப்பறையில் 20 வயதுப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து "ஹீ கோ" என்று சொல்லி மாட்டிக்கொள்ள மாட்டார். அவர் வாயே திறக்கமாட்டார், மூன்றாவது வாரம் காணாமல் போவார். அவருக்கு ஆன்லைன் தனி வகுப்பு வரம். ஆனால் இங்கேயும் ஒரு முடிச்சு. வீட்டில் எல்லோரும் இருக்கும்போது ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்டு, நிறுத்திவைத்த காருக்குள் உட்கார்ந்து வகுப்புக்கு வந்த மாணவி ஒருவர் எனக்கு உண்டு. மொபைலை ஸ்டீயரிங்கில் சாய்த்து வைத்திருப்பார். அந்தக் காருக்குள் அவர் பேசிய ஆங்கிலத்தைப் போல் நல்ல ஆங்கிலம் அவர் வேறெங்கும் பேசியதில்லை. அலுவலகக் கூட்டத்தில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார். பிறகு வாரம் ஒரு நாள் ஐந்து பேர் உட்காரும் ஒரு குழுவில் நேரில் சேர்த்துவிட்டேன். அதற்கு ஆறு மாதம் முன்பு சேர்த்திருந்தால் ஓடியிருப்பார்.

நேரக் கணக்கை யாரும் மாணவர்களிடம் சொல்வதில்லை, ஆன்லைன் பக்கம் குறிப்பாக. கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீட்டில் பி1 நிலைக்கு, அதாவது பயணத்திலும் அன்றாட வேலையிலும் சமாளிக்கிற அளவுக்கு, தொடக்கத்திலிருந்து 350 முதல் 400 மணிநேர வழிகாட்டலுடன் கூடிய படிப்பு வேண்டும். அதற்கு அடுத்த நிலையான பி2 என்றால் 500 முதல் 600. வாரம் இரண்டு 25 நிமிட வகுப்பு வருடம் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் நடந்தாலும் 43 மணிநேரத்தைச் சொச்சம். இந்த வேகத்தில் பூஜ்ஜியத்திலிருந்து பி1 வர 8, 9 வருடம். பள்ளியிலோ பயிற்சி மையத்திலோ நாளுக்கு ஒரு மணிநேரம் உட்கார வைத்தால் அதே தூரம் ஒன்றரை இரண்டு வருடத்தில் முடியும். எனவே அடிப்படையே இல்லாதவருக்கு ஆன்லைன் தனி வகுப்பை மட்டும் விற்பது எனக்குக் கொஞ்சம் மனசு உறுத்தும் காரியம். ஏற்கெனவே ஓரளவு தெரிந்து ஒரு குறிப்பிட்ட தேவையோடு வருகிறவருக்குத்தான் அந்த 25 நிமிடம் பொன். ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள்: 11 முதல் 14 நிமிடம், ஒரு தேர்வாளர், ஒரு மாணவர். ஒரு ஆன்லைன் வகுப்பில் முழுத் தேர்வையும் வைத்து மிச்ச நேரத்தில் திருத்தியும் விடலாம். 30 பேர் வகுப்பில் அதைச் செய்ய ஒரு வாரம் போகும்.

இப்போது பணம். வகுப்பறைச் சம்பளம் சின்னதாக இருந்தாலும் மாதம் பிறந்தால் வரும், விடுமுறைக்கும் சில இடங்களில் வரும், காய்ச்சல் என்றால் வேறொருவர் உள்ளே போவார். ஆன்லைனில் ஒரு மணிநேரத்துக்கான தொகையைப் பார்த்து மயங்குவோம். அதைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இடைத்தரகுத் தளங்கள் கமிஷன் எடுக்கும். ப்ரெப்ளி தளத்தின் விதியில் ஒவ்வொரு புது மாணவரின் முதல் சோதனை வகுப்புக் கட்டணம் முழுக்கத் தளத்துக்கே. அதற்குப் பிறகு 33 சதவீதத்தில் தொடங்கி நீங்கள் நடத்திய மணிநேரம் ஏற ஏற 18 சதவீதம் வரை இறங்கும். ஐடாக்கியில் 15 சதவீதம். அப்புறம் வராமல் போகும் மாணவர், கடைசி நிமிடத்தில் தள்ளிப்போடும் மாணவர், இரண்டு வகுப்புக்கு நடுவே எதற்கும் உதவாமல் தொங்கும் 35 நிமிடம். மாணவருக்கு மாலை என்றால்தான் அவருக்கு நேரம், அவர் வேறு நேர மண்டலத்தில் இருந்தால் அந்த மாலை உங்களுக்கு விடியற்காலை நாலரை. அலைச்சல் இல்லை என்பது சரிதான், ஆனால் நாள் முழுக்க வீட்டில் இருந்தும் எந்த நேரமும் உங்களுடையது இல்லை.

ஒரே தளத்தை நம்புவதில் இன்னொரு ஆபத்து. 2021 ஜூலையில் சீன அரசு 'இரட்டைக் குறைப்பு' என்ற கொள்கையைக் கொண்டுவந்தது: பள்ளிப் பாடங்களில் லாபத்துக்காக டியூஷன் நடத்துவதற்குத் தடை, நாட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு ஆசிரியர்களை வைத்து வகுப்பு நடத்துவதற்கும் தடை. விஐபிகிட் போன்ற நிறுவனங்கள் வழியாக 25 நிமிட வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பல்லாயிரம் வட அமெரிக்க டீச்சர்களுக்குச் சில மாதங்களுக்குள் வேலை இல்லாமல் போனது. அவர்கள் பாடம் நடத்தியதில் குறை ஒன்றுமில்லை. பள்ளி வேலையும் போகலாம், ஆனால் வேறொரு நாட்டின் ஒரு அறிவிப்பில் சில மாதத்தில் மொத்தமாகப் போவது அபூர்வம்.

நம்மைப் போன்றவர்களுக்கு, அதாவது ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத டீச்சர்களுக்கு, இன்னொன்றும் உண்டு. வகுப்பறையில் சேரும்போது படிப்பையும் மாதிரி வகுப்பையும் பார்ப்பார்கள், பிறகு ஒரு வருடத்தில் பிள்ளைகள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்ப்பார்கள். தளத்தில் ஒரு நிமிட அறிமுக வீடியோ, ஒரு கொடி, ஒரு விலை. சில நிறுவனங்கள் குறிப்பிட்ட சில நாட்டுக்காரர்களை மட்டுமே எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொள்ளும் இடத்திலும் பெயரையும் முகத்தையும் பார்த்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போகிறவர்கள் போவார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, "எல்லோருக்கும் எல்லா ஆங்கிலமும்" என்று நிற்காமல் ஒரு சந்தில் நிற்பது: நேர்காணல், மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலம், ஐஈஎல்டிஎஸ் எழுத்து, இப்படி ஏதாவது. நேர்காணலுக்கு நான்கு நாள் இருக்கும்போது யாரும் கொடியைப் பார்ப்பதில்லை.

புதிதாக வருபவர்களுக்கு என் பதில் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: முதலில் வகுப்பறை, ஒரு வருடமாவது. கேம்பிரிட்ஜின் ஆங்கில ஆசிரியர் சான்றிதழான செல்டா மாதிரியான பயிற்சியில் குறைந்தது 120 மணிநேரப் படிப்பு, அதில் 6 மணிநேரம் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் நின்று நடத்துவது; இப்போது அதை முழுக்க ஆன்லைனிலேயே முடிக்கலாம். சான்றிதழில் வித்தியாசம் இல்லை. ஆனால் வகுப்பறையில் தப்பு செய்தால் அது உடனே 30 முகத்தில் தெரியும், மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமில் "இன்றைக்கு அந்தப் பாடம் சொதப்பிவிட்டது" என்று சொன்னால் எதிர் நாற்காலியில் இருப்பவர், முதலில் படத்தைக் காட்டு, அப்புறம் வாக்கியத்தை எழுது என்பார். ஆன்லைனில் சொதப்பினால் மாணவர் புன்னகையோடு நன்றி சொல்லிவிட்டு அடுத்த வாரம் வரமாட்டார், ஏன் என்று சொல்ல யாரும் இல்லை. தனியாக உட்கார்ந்து நான்கு வருடம் ஒரே தப்பைச் செய்யலாம்.

உடம்பைப் பொறுத்தவரை இரண்டுமே வஞ்சகம் இல்லாமல் வதைக்கும். வகுப்பறை தொண்டையையும் காலையும் எடுக்கும். திரை கண்ணையும் கழுத்தையும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் வீடியோ களைப்புக்கு நான்கு காரணம் அடுக்கினார்: விடாமல் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டிருப்பது, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, நகர முடியாமல் இருப்பது, தலையசைப்பது போன்ற சைகைகளைக்கூட யோசித்துச் செய்ய வேண்டியிருப்பது. மூன்றாவதுதான் என்னை அடித்தது. ஆறு வகுப்பு வரிசையாக எடுத்துவிட்டு எழுந்தால் இடுப்பு யாருடையதோ போல் இருக்கும். இப்போது ஒரு வகுப்பு விட்டு ஒரு வகுப்பு நின்றுகொண்டே எடுக்கிறேன், உச்சரிப்புப் பாடம் தவிர மற்ற நேரத்தில் என் முகப் பெட்டியை மறைத்துவிடுகிறேன்.

இரண்டும் வேண்டும் என்று சொல்பவர்கள் கவனிக்க: காலையில் வகுப்பறை, மாலையில் ஆன்லைன் என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு, நான் இப்போது இருப்பது அப்படித்தான், பகலில் 30 வாயிலிருந்து காதில் விழுந்த தப்பை இரவில் ஒருவரிடம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் பாதிப் பேர் எதிரே, பாதிப் பேர் திரையில் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். எதிரே இருப்பவர்கள் சிரித்தால் திரையில் இருப்பவர்களுக்கு ஏன் என்று தெரியாது, திரையில் இருப்பவர் கேள்வி கேட்டால் எதிரே இருப்பவர்களுக்குக் கேட்காது, நீங்கள் நாள் முழுக்க ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் சொல்வீர்கள் என்பது மட்டுமே அதில் பாடம்.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால் ஒரு வேலை செய்யுங்கள். தெரிந்தவர் வகுப்பு ஒன்றில் ஒரு மணிநேரம் அனுமதி வாங்கி நடத்துங்கள், ஆன்லைனில் ஒருவருக்கு இலவசமாக ஒரு வகுப்பு எடுங்கள், சம்மதம் கேட்டு இரண்டையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். பிறகு கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து, நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள், மாணவர் எத்தனை நிமிடம் பேசினார், அவர் செய்த தப்புகளில் எத்தனை உங்களுக்கு அந்த நேரத்திலேயே கேட்டது என்று மூன்று எண் எழுதுங்கள். வகுப்பறைப் பதிவில் ஜோடிப் பேச்சு வெறும் இரைச்சலாகத்தான் பதிவாகியிருக்கும், அதற்கு நீங்கள் நடந்துபோனபோது காதில் விழுந்ததை நினைவிலிருந்து எழுதினால் போதும். நான் முதல் தடவை இதைச் செய்தது பேச்சுப் பயிற்சிக்கென்றே வந்த ஒரு தனி மாணவரோடு, திரையில், 25 நிமிட வகுப்பில். அவர் பேசியது 7 நிமிடம்.